மூன்றாவது சிலிண்டரின் மூச்சு

முள் பூஜ்யத்தில் நிற்கிறது. பணி ஓய்வு நாளில் பள்ளியில் கொடுத்த மேசைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கம்ப்ரஷன் கேஜ் கிடக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு வட்ட முகம், கண்ணாடிக்குள் வரிசையாக எண்கள், கீழே ஒரு சாண் நீளப் பித்தளைத் தண்டு, தண்டின் நுனியில் விறைத்துப்போன கறுப்பு ரப்பர் கூம்பு. கார் எஞ்சினில் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ரப்பரை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றவிட்டால், உள்ளே காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள் ஏறிக் காட்டும். ஏறிய முள் தானாக இறங்காது. தண்டின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி ஊசியை அழுத்தினால்தான் பிடித்துவைத்த காற்று வெளியேறி முள் இறங்கும். இதில் அதிசயம் எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சைக்கிள் டியூபை வைத்தே இதைப் புரியவைத்துவிடுவேன். ஆனால் நாற்பது வருடங்களுக்கு மேலாக இந்த முள்ளைத் தொண்ணூறில் மட்டுமே பார்த்துப் பழகியவள் நான். இப்போது மேசைப் பக்கம் போகும்போதெல்லாம் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்கிறேன்.

அது என் அத்தானுடையது. அக்கா வீட்டுக்காரர். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தவர். கலக்கும் அறை மற்ற அறைகளிலிருந்து தள்ளி, பொட்டலில் தனியாக நிற்கும். உள்ளே போகிறவர் காலைக் கழுவிவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். இடுப்பில் சாவி, விரலில் மோதிரம் எதுவும் கூடாது. அதைவிட முக்கியமான வழக்கம் ஒன்று அங்கே இருந்தது. உள்ளே இருப்பவரை யாரும் குரல் கொடுத்துக் கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டுக் கை உரசினால் போதும், அறையே இருக்காது. வந்தவர் வெளியே நின்று கதவு நிலையில் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவர் மருந்திலிருந்து கையை எடுத்தபிறகு பதிலுக்கு இரண்டு தட்டுத் தட்டுவார். கையை எடுத்துவிட்டேன், இனிப் பேசலாம் என்று அதற்கு அர்த்தம். பதில் வரும்வரை வந்தவர் மூச்சுக் காட்டாமல் நிற்பார். பதினைந்து வருடம் அப்படியே வாழ்ந்ததில் அத்தானுக்குக் குரல் உயர்த்தவே வராமல் போய்விட்டது. வீட்டிலும் அதே கதைதான். அடுப்படி நிலையில் ஒரு தட்டு. அக்கா நிமிர்ந்து பார்த்தபிறகுதான் வாயைத் திறப்பார். "தண்ணி கேக்கிறதுக்குக்கூடத் தந்தி அடிக்காக பாரு" என்று அக்கா சிரிப்பாள்.

கார் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லாமல் கேஜைப் பற்றிப் பேச முடியாது. அக்காவுக்கு அது தலைப்பிரசவம். நான் அப்போதுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து அவள் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் வலி எடுத்தது. மதியத்துக்குள் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சிவகாசியில் ஒரு டாக்டர் இருந்தார். சின்னக் கறுப்புக் கார் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கப் போவார். அவரைக் கூப்பிடச் சைக்கிளில் போன ஆள் குறுக்குப் பாதையில் திரும்பி வந்து, "எனக்கு முந்தியே டாக்டரய்யா கார எடுத்துட்டாகளே, இன்னுமா வரல?" என்று கேட்டான். அந்த நேரத்தில் எங்களுக்குக் காரின் சத்தம் கேட்டது. கண்மாய்க்கரைப் பக்கமிருந்து, சீராக. இதோ வந்துவிட்டார் என்று அக்காவின் காதில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னேன். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. வராத ஒரு காரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பிரசவ அறையில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை இந்த வயதிலும் நான் மறக்கவில்லை.

பொறுக்க முடியாமல் அத்தான் கண்மாய்க்கரைக்கு ஓடினார். கரைமேல், கியரை நியூட்ரலில் தள்ளி நிறுத்திய நிலையில் கார் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் ஆவி பறந்தது. டாக்டர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தார். நெஞ்சு நின்றுபோய் எவ்வளவு நேரமோ. கால் மட்டும் ஆக்ஸிலரேட்டர்மேல் கிடந்தது. ஆடு மேய்ப்பவர்கள் இரண்டு பேர் தள்ளி நின்றார்களே தவிர, கிட்டே போகவில்லை. அத்தான் போய், பழக்க தோஷத்தில், கார்க் கதவில் ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். தட்டிவிட்டு நின்றிருக்கிறார். பல மாதம் கழித்து என்னிடம் சொன்னார்: "பதிலுக்கு ரெண்டு தட்டு வரும்னு நின்னேன் தாயி. கூறுகெட்டுப் போயி நின்னேன். அந்த எஞ்சின எப்படி அமத்துறதுன்னும் தெரியல. பெட்ரோல் தீந்து அதுவா நின்னுச்சு." அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

மூன்று வருடம் கழித்து அக்கா மறுபடியும் உண்டானாள். ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் இரண்டு மாடுகளைப் பூட்டி அந்தக் காரை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் நிறுத்தினார். டாக்டர் வீட்டம்மா அதைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமல் ஷெட்டில் போட்டு மூடி வைத்திருந்தார்களாம். இவர் போய்க் கேட்டதும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். கண்மாய்க்கரையில் மாடுகள் மிரளும் என்று ஊரே வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. மாடுகள் மிரளவில்லை. ஊருக்குத்தான் ஏமாற்றம். நான் அத்தானிடம் கோபப்பட்டேன். உலகத்தில் வேறு கார் இல்லையா என்று கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இந்தக் காரு நம்ம வீட்டுக்குத்தான தாயி வந்துக்கிட்டிருந்துச்சு. வந்து சேரட்டும்." இந்தத் தடவை வலி எடுத்தால் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது, தானே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அதற்கு முன்பே விருதுநகருக்கு வாரா வாரம் போய், மிளகாய் மண்டி லாரிகள் ஓட்டுகிற ஒருவரிடம் ஓட்டவும் பழகியிருந்தார்.

டாக்டர் கருத்தான மனிதர். பின்னால் சாமான் பெட்டியில் ஒவ்வொரு கருவியையும் ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி வைத்திருந்தார். இந்தக் கேஜும் அப்படி ஒரு வெள்ளைத் துணிக்குள்தான் இருந்தது. பிரித்தபோது முள் பூஜ்யத்தில் இருந்தது, நான் பார்த்தேன். விருதுநகர் லாரி ஷெட்டிலிருந்து மேஸ்திரி ஒருவர் ஒருநாள் பேட்டரியோடு வந்து, காரைக் கிளப்பிக் காட்டி, கேஜை எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். "நாலு பிளக்கையும் களட்டிருங்க அண்ணாச்சி. காயில்ல இருந்து வர்ற தடிச்ச வயரப் பிடுங்கி ஓரமாக் கட்டிப் போட்டுருங்க. துளை வளியாப் பெட்ரோல் ஆவி பீச்சும். அங்கன ஒரு பொறி விளுந்தா அம்புட்டுத்தான், உங்க கம்பெனிச் சங்கதி மாதிரி ஆயிரும். கியரு நியூட்ரல்ல இருக்கணும், சக்கரத்துக்குக் கல்லு குடுக்கணும். துளைக்கு நேரா மூஞ்சியக் கொண்டு போகாதீக. பேன் பெல்ட்டுப் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது." கடைசியாக ஒன்று சொன்னார். பானட்டைத் தூக்கிவிட்டால் முன்னால் நிற்பவரை உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அதனால் முன்னால் நிற்பவர் 'இழு' என்று கத்த வேண்டும். உள்ளே இருப்பவர் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். அதன்பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும்.

அத்தான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்தார். அதற்கு மேலும் செய்தார். மரத்தடியில் தண்ணீர் தெளித்தார். ஒரு சாக்கை நனைத்து மட்கார்டுக்கு மேலே கிளையில் தொங்கவிட்டார். என் வளையல், கொண்டை ஊசி வரை கழற்றச் சொன்னார். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பேய் ஓட்டுகிற காரில் நானே பேய் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தக் கடைசி விஷயம் மட்டும் அவரால் ஆகவில்லை. கத்த வரவில்லை. "ஒரு தட்டுத் தட்டுனா இளு. ரெண்டு தட்டுனா கைய எடுத்துரு. நமக்குத் தெரிஞ்சது அதான தாயி" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்; சத்தம்தான் ஆபத்து, தட்டுதான் பத்திரம் என்று பழகிய ஊர் அது.

முதல் முறை பார்த்தபோது முதல், இரண்டாவது, நான்காவது சிலிண்டர்கள் தொண்ணூற்றைந்து காட்டின. மூன்றாவது முப்பதைத் தாண்டவில்லை. டாக்டர் இறந்த அன்று நின்ற இடத்திலேயே கொதிக்கக் கொதிக்க ஓடியதில், எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட் வெந்து ஓட்டை விழுந்திருக்கும் என்றார் மேஸ்திரி. அது போகிற வழியில் எங்கே வேண்டுமானாலும் காரை நிறுத்திவிடும். அத்தான் விருதுநகரிலிருந்து புதுக் கேஸ்கெட் வாங்கிவந்தார். சீசன் நேரம், கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எஞ்சின் தலையை இறக்கி மாட்டி முடிக்க இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. ஊர்ப் பிள்ளைகள் டாக்டரய்யா பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். நான் வகுப்பில் பிரம்பைத் தட்டி அதட்டினேன். ஆனால் காருக்குள் ஏறும்போதெல்லாம் பின்சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் நான் உட்கார்ந்ததில்லை.

கேஸ்கெட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவிருந்த அன்றைக்குக் காலையிலேயே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது; முந்திக்கொண்டது. நாங்கள் அப்போது பிளக்குகளைக் கழற்றி முதல் இரண்டு சிலிண்டர்களைப் பார்த்து முடித்திருந்தோம். உள்ளேயிருந்து அக்காவின் முனகல் கேட்டது. மாட்டு வண்டியா, காரா? வண்டி என்றால் மதியம் ஆகிவிடும். போன தடவை அந்த நேரத்துக்குள்தான் எல்லாம் கைமீறிப் போனது. கார் என்றால், அந்த மூன்றாவது சிலிண்டர் கண்மாய்க்கரையில் கைவிடாது என்று தெரிய வேண்டும். "மூணாவத மட்டும் பாத்துருவோம்" என்றார் அத்தான். நான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி குமிழில் கை வைத்துக் காத்திருந்தேன். அக்கா மறுபடி முனகினாள். நான் குமிழை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஒரு தட்டுக் கேட்டது. இழுத்தேன்.

எப்போதும் நான் ஐந்து எண்ணும்போதுதான் அத்தானின் இரண்டு தட்டு வரும். மூன்று எண்ணும்போது தகரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது. அத்தானின் தட்டு கணீரென்று, எலும்பு பட்டுத் தெறிக்கும். இது மந்தமாக, துணி சுற்றிய கையால் தட்டியதுபோல் இருந்தது. கையை எடுத்துவிட்டேன். எஞ்சின் நின்றது. வேறு ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தான் பானட்டைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். வலது கையை ஈரச் சாக்கில் சுருட்டிப் பிடித்திருந்தார். சாக்கு சிவந்துகொண்டே வந்தது. முகம் வெளுத்திருந்தது. அப்போதும் அவர் கத்தவில்லை. "யாரு தாயி தட்டுனது?" என்று கேட்டார்.

மூன்றாவது துளையில் கேஜைச் சும்மா நட்டு வைத்துவிட்டு, பெல்ட்டுக்குள் நழுவி விழுந்த துண்டை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். அந்த நேரத்தில் எஞ்சின் சுற்றியது. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் நுனி போய்விட்டது. இரண்டு தட்டு வராமல் நான் ஐந்து வரை எண்ணியிருந்தால் கையே உள்ளே போயிருக்கும். அவர் தட்டவில்லை. ஒரு கை பெல்ட்டில். இன்னொரு கை அதை இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் எஞ்சினைப் பார்த்தோம். கேஜ் துளையில் நேராக நின்றது. ஆள் அழுத்திப் பிடிக்காவிட்டால் காற்று அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். முள் தொண்ணூறில் நின்றது.

அக்காவின் குரல்தான் எங்களை அசைத்தது. அத்தான் இடது கையால் கேஜை மெல்ல எடுத்து, ஊசியில் விரல் படாமல் என்னிடம் கொடுத்தார். "மூச்சு இருக்கு. பிளக்க மாட்டு" என்றார். யார் பிடித்த கேஜ், எதை நம்பிப் போகிறோம் என்று கேட்க நேரமில்லை. மாட்டினேன். அவர் கையில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கியரை மாற்றினேன். பின்சீட்டில் அக்கா படுத்திருந்தாள். கண்மாய்க்கரை வந்தபோது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. அத்தான் வேகத்தைக் குறைக்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே, என்னிடம் அல்ல, காருக்குள் இன்னும் ஒருவர் இருப்பதுபோல், "போவோம்யா" என்றார். நான்கு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின. சிவகாசி ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் பிறந்தாள். பக்கத்து அறையில் அத்தானுக்குக் கையில் தையல் போட்டார்கள்.

மருந்து அறைக்கு அவர் அதன்பிறகு போகவில்லை. விரல் குறைந்த கையை அங்கே விடமாட்டார்கள். லோடு ஏற்றுகிற இடத்தில் வேலை கொடுத்தார்கள். கேஜைத் துணியில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். முள்ளை இறக்கவிடவில்லை. "டாக்டரய்யா பிடிச்சது. அன்னிக்குக் கண்மாக்கரையில நான் ஒரு தட்டுத் தட்டுனேன்ல, அதுக்குப் பதில் சொல்லியிருக்காக" என்பார். மகள் வளர்ந்து விவரம் தெரிந்ததும் என்னிடம் சண்டைக்கு வந்தாள்: "சித்தி, நீங்களே சயின்ஸ் நடத்துறீக. காத்து ஒரு வாரத்துல கசிஞ்சு போயிருக்கும். முள்ளு துருப்பிடிச்சு நிக்குது, அம்புட்டுதான்." இருக்கலாம். முதல் தட்டுகூடச் சாக்கிலிருந்து மட்கார்டில் விழுந்த துளியாக இருக்கலாம். அதுவும் இல்லாமல், அக்காவின் முனகலைக் கேட்டு அவசரத்தில் நானே கேட்டதாக நினைத்துக்கொண்டு இழுத்திருக்கலாம். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு தட்டைப் பற்றிச் சத்தியம் பண்ண என்னால் முடியாது. பின்னால் வந்த இரண்டைப் பற்றி எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஊர் டாக்டரய்யாவைப் பற்றிப் பேசியபோதெல்லாம் அத்தானின் குறைந்த விரல்களைப் பார்த்து நான் மட்டும் குன்றிப்போனேன். அவர் ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன மாசியில் அத்தான் படுக்கையில் விழுந்தார். பேச்சு நின்று, கண் மூடி, மூச்சு மட்டும் ஒரே சீராக நாள்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பால் ஊற்றிப் பார்த்தார்கள். பிறந்த ஊர் மண்ணைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு காலையில் அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பெட்டியில இருக்கத எடுத்துட்டு வாடி. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் கெடக்காக. இறக்கிவிடு" என்றாள். எடுத்துவந்தேன். முள் தொண்ணூறில் இருந்தது. ஊசிமேல் கட்டைவிரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. ஒருமுறை அவர் சொல்லாமல் இழுத்தவள் நான். இன்னொரு முறை அவர் சொல்லாமல் செய்யமாட்டேன். கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அவருடைய கதவுக்கு வெளியே நின்று காத்திருப்பதுபோல் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய வலது கை கட்டில் சட்டத்தின்மேல் கிடந்தது. அது அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். நுனி இல்லாத அந்த விரல்கள் எழும்பிக் கட்டையில் இரண்டு முறை விழுந்தன. நான் அழுத்தினேன். கேஜிலிருந்து நீளமாக ஒரு காற்று வெளியேறியது. அறையில் பெட்ரோல் வாடை அடித்தது. அக்காவும் மூக்கைப் பொத்தினாள். முள் இறங்கி முடிந்தபோது அத்தானின் மூச்சும் முடிந்திருந்தது.

மகள் இதை நம்பவில்லை. நம்ப வேண்டாம். நானும் நாற்பது வருடம் டாக்டரய்யா தட்டினார் என்று அரைகுறையாக நம்பிக்கொண்டிருந்தவள்தான். ஆனால் கட்டில் சட்டத்தில் கேட்ட அந்த இரண்டு தட்டு மந்தமாக, துணி சுற்றிய கையால் தட்டியதுபோல் இருந்தது. நுனி இல்லாத விரல்கள் விழும் சத்தம் அது; அந்த விரல்கள் பெல்ட்டுக்குள் இருந்தபோதே, புளியமரத்தடியில் மூன்று எண்ணும்போது நான் கேட்டது இதே சத்தம்தான். அன்றைக்கு அவர் என்னிடம் யார் தட்டியது என்று கேட்டார். இப்போது எனக்குப் பதில் தெரியும். முள் பூஜ்யத்தில் நிற்கிற கேஜைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது.